பதிலைப் பொட்டலம் கட்டியது

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நின்றால், எந்த பஸ்ஸில் ஏறுவது என்று நான் இரண்டு மூன்று பேரையாவது கேட்காமல் விடமாட்டேன். பலகையைப் படிக்கத் தெரியாமல் இல்லை. மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள், எழுத்துக் கூட்டினால் வந்துவிடும். கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும், அது வேறு விஷயம். ஆனால் நான் கேட்பது அதற்காக இல்லை. எந்த பஸ் என்று மனசுக்குள் முன்னாடியே முடிவு செய்து வைத்திருப்பேன். அதே பஸ்ஸை யார் சொல்கிறாரோ அவர்தான் விவரம் தெரிந்த ஆள். வேறு பஸ்ஸைச் சொல்கிறவர் வெளியூர்க்காரராக இருப்பார், பாவம் என்று விட்டுவிடுவேன்.

இது என் ஒருத்தியின் குணம் என்று நினைக்க வேண்டாம். முன்பணம் கொடுத்துவிட்டு வந்து மாடு எப்படி என்று யோசனை கேட்கிற ஆம்பளைகளை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டே கடையிலிருக்கிற அத்தனையையும் பிரித்துப் போடச் சொல்கிற பொம்பளைகளையும் பார்த்திருக்கிறேன். முடிவு முதலிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. காரணங்கள்தான் மூச்சு வாங்க பின்னாடி நடந்து வருகின்றன.

மனுஷர்களைக் கேட்டுத் தீராத விஷயம் என்றால் எங்கள் பக்கத்தில் சாமியிடம் பூ கேட்போம். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி காகிதத்தில் மடித்துப் பூசாரி சாமி காலடியில் வைப்பார். கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்டதும், யாராவது ஒருத்தர் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, செய். செவப்பு வந்தால் வேண்டாம், விடு. பொண்ணு பார்ப்பதிலிருந்து போர் போடுகிறது வரைக்கும் இப்படித்தான். இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. சாமி சொல்லிவிட்டது என்றால் தீர்ந்தது.

போன ஐப்பசி மழையில் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் பாசி வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது ஓசூரிலிருந்து மகன் வந்துவிட்டான். அங்கே கம்பெனி வேலை. மருமகளும் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். பேத்தி கோயமுத்தூரில் ஆஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். நான்தான் இங்கே தனியாக இருக்கிறேன், வீட்டுக்காரர் போன பிறகு. தனியாக என்றால் இரண்டு ஆடு, கொஞ்சம் கோழி, வேலியெல்லாம் அவரைக்கொடி. அதைத் தனி என்று சொல்வது ஓசூர்க்காரர்கள் வழக்கம்.

மகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மா, இனிமே நீ தனியா இருக்க வேணாம். ஓசூருக்கு வந்துடு. பாப்பா ரூம் சும்மாதான் கெடக்குது."

எனக்குப் போக விருப்பமில்லை. அந்த மூன்றாவது மாடி வீட்டைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னல். ஆனால் விருப்பமில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் "அதெல்லாம் முடியாது, கெளம்பு" என்று சொல்லிவிட்டால்? என் வாழ்க்கையில் நான் கேட்டு இல்லை என்று சொல்ல யாருக்கும் இடம் கொடுத்ததில்லை. அதற்கு வழி லேசானது. கேட்கவே கூடாது.

நான் பிறந்தது ஒகேனக்கல்லுக்கு அந்தப் பக்கம், கன்னடம் பேசுகிற குடும்பம். கோபம் வந்தாலும் கோழியை எண்ணினாலும் இன்னும் எனக்குக் கன்னடம்தான். அன்றைக்குப் படுத்துக்கொண்டு "ஹோகபேகா?" என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போகணுமா என்று அர்த்தம். கண்ணீர் வந்தது, ஆட்டுக்குட்டி முகமெல்லாம் வந்தது. இது ஆகாது என்று அதையே தமிழில் கேட்டேன். "போகணுமா?" கண்ணீர் நின்றுவிட்டது. போகாமல் இருக்க என்ன வழி என்று மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. கட்டிக்கொண்டு வந்த இடத்தில் கற்றுக்கொண்ட பாஷையில் நினைத்தால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே கண்டுபிடித்தது.

காலையில் மகனிடம், "சாமிகிட்ட பூ கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்டா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் "சரி" என்றான். பொதுவாக அவன் எதையும் இரண்டு நாள் மென்றுதான் விழுங்குவான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எதிர் வீட்டு பாயம்மா என் கூட்டாளி. அவள் வீட்டுக்காரர் பென்னாகரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். அவளும் இரண்டு ஆடு வைத்திருப்பதால் மேய்க்கிறபோது நாங்கள் ஊர் நியாயம் முழுக்கப் பேசி முடித்துவிடுவோம். அவளிடம் என் யோசனையைச் சொன்னேன். பூசாரி என் வீட்டுக்காரருக்குப் பங்காளி தம்பி, எனக்குக் கொழுந்தன் முறை. நல்ல சேவலாக ஒன்றைப் பிடித்துக் கொடுத்து, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைக்கச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"சாமிகிட்டயே வேலையைக் காட்டறீங்களே அக்கா. பயமா இல்லீங்களா?" என்றாள்.

"எனக்கும் சாமிக்கும் நடுவுல இது. நான் இங்கயே இருக்கணும்னுதான் அதுவும் நினைக்கும். கை தவறி வேற பூ வந்துடக் கூடாதுல்ல, அதுக்கு ஒத்தாசை பண்றேன்."

"ஒத்தாசை" என்று சொல்லிக்கொண்டே ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். போகிற போக்கில் முதுகு குலுங்கியது.

பூசாரி சேவலைத் தூக்கிப் பார்த்தார். எடை பிடித்திருந்தது. "ரெண்டுலயும் வெள்ளையா அண்ணி?" என்று கேட்டு, ஏதோ சொல்ல வந்தவர் போலத் தாடையைச் சொறிந்தார். "சரி, பாத்துக்கலாம்" என்றார். எதற்கு வெள்ளை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கெட்டிக்காரர்களுக்கு நடுவில் எதற்கு விளக்கம் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். மகன், மருமகள், நான். வெயில் ஏறிய பிறகும் பூசாரி ஒரு புது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார். நீலக் கலர். வயசாகிவிட்டது, குளிர் தாங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கற்பூரம் காட்டினார். பொட்டலம் இரண்டும் சாமி காலடியில் இருந்தன. நான் கும்பிட்ட கையோடு தொண்டையைச் செருமினேன். "சாமி, நான் என் வூட்டுலயே இருக்கலாமா?" இதுதான் என் கேள்வி. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

பூசாரி மகன் பக்கம் திரும்பி, "தம்பி, நீ கேளுப்பா" என்றார்.

ஆம்பளை இருக்கும்போது ஆம்பளைதான் கேட்க வேண்டுமாம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டுக்காரர் போன பிறகு எல்லாவற்றையும் நானே கேட்டுப் பழகிவிட்டதில் மறந்துபோய்விட்டது. மகன் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகக் கேட்டான்.

"சாமி, எங்க அம்மாவை நான் ஓசூருக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

இந்தக் கேள்விக்கு வெள்ளை வந்தால் நான் ஓசூருக்கு. இரண்டிலும் வெள்ளை வைத்தது நான்.

"மருமக கையால எடுக்கட்டும்" என்றார் பூசாரி. "நில்லும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வது? அவள் குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை அரளி, பறித்த ஈரத்தோடு.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகனும் போட்டுக்கொண்டான். அவன் முகம் வெளுத்திருந்தது. பெரிய பொறுப்பு வந்து சேர்ந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பாயம்மா வந்து, நான் கட்டி வைத்திருந்த துணி மூட்டையைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். அவசரப்படாத பொம்பளை.

"நீங்க பதிலைப் பொட்டலம் கட்டி வெச்சீங்க அக்கா. கேள்வியை வெளியில விட்டுட்டீங்க" என்றாள்.

"சேவலும் போச்சு" என்றேன்.

"ஆடு ரெண்டையும் என்கூட விட்டுட்டுப் போங்க. பொட்டலமெல்லாம் கட்டாம நேராவே கேக்கறேன்."

ஓசூரில் மார்கழி என்றால் சும்மா இல்லை. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கடிக்கும். மகனும் மருமகளும் எட்டு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். நான் ஜன்னலில் உட்கார்ந்தால் எதிர் ஜன்னலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். அவர் தெலுங்கில் ஏதோ கேட்பார், நான் கன்னடத்தில் ஏதோ சொல்வேன். இரண்டு பேருக்கும் தெரிந்த தமிழை இரண்டு பேரும் எடுக்கவில்லை. எடுத்தால் நெஜமாகவே பேச வேண்டி வரும். நடுவில் பாயம்மா போன் செய்வாள். "அவரை காச்சுக் கொட்டுது அக்கா. வீணாப் போகுதேன்னு பறிச்சு கொழம்பு வெச்சேன். உங்க தம்பி ரெண்டாந்தடவை வாங்கிச் சாப்பிட்டாரு." அவள் வீட்டுக்காரரைத்தான் என் தம்பி என்கிறாள். இப்படி ஒருத்தி தினம் வயிற்றெரிச்சலைக் கிளப்பினால் எப்படி இருப்பது?

ஆனால் நான் குறை சொல்லவில்லை. சாமி சொன்னதாகத்தானே வந்திருக்கிறேன். மகன் சாயங்காலம் வந்ததும் "வசதியா இருக்குதாம்மா?" என்று கேட்பான். "எனக்கென்ன குறைச்சல்" என்பேன். அவனுக்கு அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாது. எனக்கு அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாது. இரண்டு பேரும் டிவியைப் பார்ப்போம். மருமகள் எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பாள்.

பொங்கலுக்குச் சாமிக்குப் படையல் போட வருவீர்களா என்று கேட்கப் பூசாரி போன் செய்தார். மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. நான் மனசில் இருந்ததைக் கொட்டினேன்.

"என் சேவலைத் தின்னுட்டு ரெண்டுலயும் வெள்ளையை வெச்சு என்னை இங்க அனுப்பிட்டீங்களே கொழுந்தனாரே. கேள்வி மாறிப் போச்சுன்னு ஒரு சாடையாவது காட்டக் கூடாதா?"

"ரெண்டுலயும் வெள்ளையா? யாரு வெச்சா?"

"நீங்கதான்."

"நான் வெக்கலை அண்ணி. அதெப்படி வெக்க முடியும்? நீங்க ரெண்டும் வெள்ளை வெய்யின்னு சேவல் கொடுத்தீங்க. அதுக்கு முந்தின நாளே தம்பி வந்து, சித்தப்பா, அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேக்கப் போறேன், ரெண்டும் செவப்பு வெய்யுங்கன்னு ஸ்வெட்டர் கொடுத்தான். நான் யாரைப் பகைச்சுக்கறது? சேவலுக்கு மரியாதையா ஒரு வெள்ளை, ஸ்வெட்டருக்கு மரியாதையா ஒரு செவப்பு. மத்ததை சாமி பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க ஓசூர் போக ஆசைப்படறீங்க, அவன் கூட்டிட்டுப் போக இஷ்டப்படலைன்னு எனக்குப் புரிஞ்சுது. குடும்ப விஷயம், வெளியில தெரிஞ்சா கேவலம்னு வாயை மூடிக்கிட்டேன். கடைசியில உங்க ஆசைப்படிதானே வந்துச்சு" என்றார், நல்ல காரியம் செய்தவர் மாதிரி.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். தலைக்குள் எதுவும் நிற்கவில்லை. கையில் ஏதாவது இருந்தால்தான் எனக்கு யோசனை ஓடும். ஒரு பூண்டும் ஒரு தக்காளியும் எடுத்து மேடைமேல் வைத்தேன். பூண்டு வெள்ளை, சரி. தக்காளி செவப்பு, வேண்டாம். நான் கேட்க நினைத்தது, வீட்டிலேயே இருக்கலாமா. அதற்குப் பூண்டு. அப்படியானால் நான் ஊரில். அவன் கேட்டது, அம்மாவைக் கூட்டிப் போகலாமா. அதற்கு அவன் வைக்கச் சொன்னது தக்காளி. வேண்டாம். அப்படியானாலும் நான் ஊரில். பூண்டை இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன், தக்காளியை அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் நான் ஊரில்தான் இருந்தேன். ஆனால் நின்றுகொண்டிருப்பது ஓசூரில்.

இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போக நினைத்து, ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து இழுத்து, பூசாரியை நடுவில் நிறுத்தியிருக்கிறோம்.

சிரிப்பு வரவில்லை. முதலில் வந்தது வேறு. பெற்ற பிள்ளை, அம்மா வேண்டாம் என்று சாமியிடம் சிபாரிசுக்குப் போயிருக்கிறான். அதுவும் புது ஸ்வெட்டர் கொடுத்து. நான் வேண்டாம் என்று நினைத்தால் அது சரி. அவன் வேண்டாம் என்று நினைக்கலாமா? இரண்டும் ஒன்றுதான் என்று தக்காளி சொன்னது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தக்காளியை நான் வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மருமகள் வேலை முடிந்து உள்ளே வந்து நின்றாள்.

"ரசம் வெக்கறீங்களா அத்தை?"

"இல்ல, தக்காளியா உம் புருசனை வெச்சிருக்கேன்" என்றேன்.

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சேவல், ஸ்வெட்டர் உட்பட. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பூண்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் உள்ளுக்குள்ளயே நினைச்சீங்க. சாமியைக் கேட்டீங்க, பூசாரியைக் கேட்டீங்க. என்னை யாரும் கேக்கலை. பொட்டலத்தை எடுக்க மட்டும் கூப்பிட்டீங்க."

"இப்பக் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு நீங்க இருக்கறது பிடிச்சிருக்குது. பாப்பா போனதுலருந்து பூட்டின வூட்டைத் தெறந்து லைட்டைப் போட்டுட்டுதான் உள்ள வரேன். இப்ப லைட் எரியுது. நீங்க பேசறதே இல்லை, ஆனா லைட் எரியுது." பூண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வேணும் அத்தை?"

இந்த வீட்டில், ஏன், எந்த வீட்டிலும், யாரும் என்னிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. எனக்கு வாய் பழகவில்லை. பதிலுக்குப் பதிலாக இரண்டு தடவை இருமினேன். அப்புறம், "எங்க வூட்டுக்குப் போகணும்" என்றேன். இவ்வளவுதான். ஒரு சேவலைக் காப்பாற்றியிருக்கலாம்.

மகன் ஷிப்ட் முடிந்து வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தான். டீயோடு பூண்டையும் தக்காளியையும் ஒரு தட்டில் வைத்து அவன் முன்னால் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"ஒண்ணை எடுடா. சித்தப்பாவைக் கேக்காம எடு."

அவன் தக்காளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சின்ன வயதில் ஆட்டுப்பாலைத் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு நிற்கிறபோது இருந்த அதே முகம்.

"சொல்லிட்டாரா?"

"சேவலுக்கு வெள்ளை, ஸ்வெட்டருக்குச் செவப்புன்னு பிரிச்சுக் கொடுத்தாராம். நீ ஏண்டா செவப்பு கேட்டே? அதை மட்டும் சொல்லு."

டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தான். நான் காத்திருந்தேன். அவசரம் எனக்கு எப்போதும் இல்லை.

"உன்னைக் கூப்பிடாம இருந்தா மனுசனாம்மா நான்? நீ விழுந்து கெடக்கறே. ஊர்ல என்ன சொல்லுவாங்க, நீ என்ன நினைப்பே. ஆனா கூட்டிட்டு வந்தா, காலையில உன்னை மூணாவது மாடியில வெச்சுப் பூட்டிட்டு நாங்க ரெண்டு பேரும் போயிடுவோம். அதை நினைச்சா எனக்குச் சோறு எறங்கலை. வராதேம்மான்னு வாயால எப்படிச் சொல்றது? அதான் சாமி வாயால சொல்ல வெக்கலாம்னு."

"நானும் அதே சாமி வாயைத்தான் நம்பிப் போனேன்" என்றேன்.

"நீ வர ஆசைப்படறேன்னு நினைச்சேன். பூ கேக்கலாம்னு நீதானே சொன்னே."

"நீ சரின்னு சொன்ன வேகத்தைப் பார்த்து, எப்படா கூட்டிட்டுப் போகலாம்னு நிக்கறான்னு நான் நினைச்சேன்."

மருமகள் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "ஒரே ரத்தம்" என்றாள். புகழ்ச்சி மாதிரித் தெரியவில்லை.

அன்றைக்கு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். பொட்டலம் இல்லாமல், எனக்கு இது வேணும், உனக்கு எது வேணும் என்று. சந்தையில் பேரம் பேசுகிற மாதிரிதான் இருந்தது, ஆனால் எல்லாரும் கையில் இருக்கிறதைக் காட்டிவிட்டுப் பேசினோம். பொங்கலுக்கு முன்னாடி நான் ஊருக்கு. அவரை காய்க்கிறபோதே. சித்திரையில் எங்கள் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும், அப்போது ஓசூர் குளுகுளு என்று இருக்கும். அப்போது வந்து ஆடிக்காற்று கிளம்புகிற வரைக்கும் இருந்து மருமகளுக்கு லைட் போட்டு வைக்கிறேன் என்றேன். கல்லுப் பக்கம் பாசியைச் சுரண்டிவிட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி நட்டுத் தருவதாக மகன் சொன்னான். நான் கேட்காமலே சொன்னான். கேட்டிருந்தால் இன்னும் நல்ல கம்பியாகக் கேட்டிருப்பேன்.

எல்லாம் முடிந்த பிறகு அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆனா வெள்ளை வந்திருக்குதேம்மா. நாம ஆயிரம் பண்ணினாலும் அது நெசமா வந்த பூதானே. சாமி சொன்னதை மீறலாமா?"

"நீ என்ன கேட்டே? கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டே. சரின்னுச்சு. கூட்டிட்டு வந்தே. இங்கயே வெச்சுக்கலாமான்னு கேட்டியா?"

யோசித்தான். "கேக்கலை" என்றான்.

"அப்படின்னா அதையும் போய்க் கேட்டுடலாமா? இந்தத் தடவை நானே பொட்டலம் கட்டறேன்" என்றாள் மருமகள்.

"வேண்டாம்" என்றோம் நானும் அவனும், ஒன்றாக.